உப்புக்காற்று ஊரில் எந்தக் கார் உழைக்கும்?

திருப்புல்லாணி ஆதிஜெகநாதப் பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் அரசியலுக்கு அடுத்தபடியாக அடிபடுவது கார் பேச்சுதான். ராமேஸ்வரம் வருகிற யாத்திரைக்காரர்கள் தேவிபட்டினம், உத்தரகோசமங்கை, திருப்புல்லாணி, சேதுக்கரை என்று ஒரே நாளில் சுற்றிவிட்டுப் போகிறார்கள். அவர்களைக் கூட்டிவரும் டிரைவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிற நேரத்தில் ஆளுக்கொரு கட்சி எடுப்பார்கள்.

"டொயோட்டாவ அடிச்சிக்க ஆளே இல்லண்ணே. மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடியும் எஞ்சின் தொறக்கல" என்பார் ஒருவர். "மாருதின்னா எந்த ஊர்ல நின்னாலும் பார்ட்ஸ் கிடைக்கும்" என்பார் அடுத்தவர். "அதெல்லாம் சரி, தகடு வேணும்ல? டாட்டாவும் மஹிந்திராவும்தான் வண்டி" என்பது மூன்றாவது கட்சி. கீழக்கரையிலிருந்து வந்த காக்கா ஒருவர் துபாயில் ஓட்டிய லேண்ட் குரூசரைப் பற்றி ஆரம்பித்தால் அன்றைய பேச்சு அதோடு முடிந்தது.

இவர்கள் சொல்வது எதுவும் பொய்யில்லை. ஆனால் ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். வண்டி எப்படி ஓடுகிறது என்பது ஒரு கேள்வி. எத்தனை வருஷம் உழைக்கும் என்பது இன்னொன்று. நம் அன்றாடத்துக்குத் தோதாக இருக்குமா என்பது மூன்றாவது. கோயம்புத்தூர்க்காரர் இந்த மூன்றையும் எந்த வரிசையில் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். நம் கரையில் அந்த வரிசை தானாகவே அமைந்துவிடுகிறது. இங்கே உழைப்புதான் முதல் கேள்வி. அந்த உழைப்பும் எஞ்சினைப் பற்றியது அல்ல. இந்தக் கரையில் எஞ்சினுக்கு முன்னால் பாடி போய்விடுகிறது. அதற்கும் முன்னால் வயரிங் போய்விடுகிறது. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். டீ ஆறுவதற்குள் முடிகிற விஷயமில்லை, நிதானமாகவே சொல்கிறேன்.

உப்பு செய்கிற வேலை

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் போதும். அப்படிப் பார்த்தால் மதுரைக் காரும் துருப்பிடிக்க வேண்டும், பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் மதுரையில் மழை நின்று வெயில் அடித்ததும் தகடு காய்ந்துவிடும். காய்ந்த தகட்டில் துரு நகராது. நம் ஊரில் தகடு முழுசாகக் காய்வதே அபூர்வம்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அலை உடையும்போது தெறிக்கிற பொடித் துளிகளைக் காற்று தூக்கிக்கொண்டு வருகிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு வண்டியின் மேலும் அடியிலும் தங்கிவிடும். தங்கிய உப்பு சும்மா இருக்காது, காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். சாதாரணச் சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே கசிந்து கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு அவ்வளவுகூட வேண்டாம், 33 சதவீதமே போதும். அடுப்படியில் உப்பு ஜாடி மழைக்காலத்தில் நசநசத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நசநசப்புதான் கார் அடியில் ராத்திரி முழுக்க இருக்கிறது. ஒரு சொட்டு மழை பெய்யாவிட்டாலும் அந்த வண்டி நனைந்த வண்டிதான்.

அடுத்தது மின்சாரக் கணக்கு. துருப்பிடிப்பது என்பது தகட்டின் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சிறு அளவில் மின்னோட்டம் நடப்பது. நல்ல தண்ணீரில் அந்த ஓட்டம் மெதுவாக நடக்கும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் வேகமாக நடக்கும். அதோடு, உலோகத்தின் மேல் இயற்கையாகப் படிந்து காவல் காக்கும் மெல்லிய படலத்தைக் குளோரைடு துளைத்துவிடும். அலுமினியத்தால் செய்த ஏ.சி. கண்டென்சரும் ரேடியேட்டரும் நம் பக்கத்தில் சீக்கிரம் பொடிந்துபோவது இதனால்தான்.

இதில் ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. காற்றில் வரும் உப்பு கரையிலிருந்து உள்ளே போகப்போக மளமளவென்று குறையும். முதல் சில நூறு மீட்டர்தான் கொடுமையான இடம். சேதுக்கரை கடலோரத்தில் ராத்திரி நிற்கும் வண்டிக்கும், நாலைந்து கிலோமீட்டர் உள்ளே திருப்புல்லாணி தெருவில் நிற்கும் வண்டிக்கும் ஆயுளில் பெரிய வித்தியாசம் இருக்கும். பாம்பன்காரர்களுக்கு அந்தச் சலுகையும் இல்லை. ஒரு பருவத்தில் மன்னார் வளைகுடாவிலிருந்து காற்று, மறு பருவத்தில் பாக் விரிகுடாவிலிருந்து காற்று. வருஷம் பூராவும் ஏதாவது ஒரு கடல் அவர்கள் வண்டியின் மேல் வீசிக்கொண்டிருக்கிறது. எந்தக் கம்பெனி வண்டி என்று கேட்பதற்கு முன் ராத்திரி எங்கே நிற்கும் வண்டி என்று கேட்பதுதான் முறை.

பாம்பன் பாலம் சொல்லித்தரும் பாடம்

இது கார்க்காரர்களின் புலம்பல் மட்டும் அல்ல. நம் மாவட்டத்தின் பெரிய இரும்புச் சாமானாக நெடுங்காலம் இருந்தது எது? 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம். ஒரு நூற்றாண்டுக்கு மேல் அதற்குப் பெயிண்ட் அடிப்பதும் அரித்த துண்டுகளை மாற்றுவதும் தொடர்ந்து நடந்தது. அப்படியும் நடுவிலுள்ள தூக்குப் பகுதி பழுதடைந்து 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாலம் திறக்கப்பட்டது.

புதிய பாலத்தில் உப்பைச் சமாளிக்க என்ன செய்தார்கள் என்று பாருங்கள். கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டார்கள். இணைப்புகளை முழுக்கப் பற்றவைத்தார்கள். மேலே பாலிசிலாக்சேன் என்ற உயர்தரப் பூச்சு அடித்தார்கள். இதில் முழுக்கப் பற்றவைத்தது என்ற விஷயத்தைக் கார்க்காரர்கள் கவனிக்க வேண்டும். இரண்டு தகடு ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் இடுக்கில்தான் உப்பு நீர் புகுந்து வெளியே வராமல் தங்கும். பாலத்துக்கு அந்த இடுக்கே இல்லாமல் செய்துவிட்டார்கள். காரில் அப்படிச் செய்ய முடியாது. ஒரு காரின் பாடியில் ஆயிரக்கணக்கான இடங்களில் தகட்டின்மேல் தகடு வைத்துப் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்திருப்பார்கள். ஒவ்வொன்றும் ஓர் இடுக்கு. அதனால்தான் கார் துரு எப்போதும் ஓரத்திலும் மடிப்பிலும் தொடங்குகிறது. நடுத் தகட்டில் தொடங்குவதில்லை.

இந்தத் துறையில் நாட்டுக்கே பெரிய ஆய்வுக்கூடம் நமக்குப் பக்கத்து ஊரில்தான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் நிதியிலும் காரைக்குடியில் 1953-ல் தொடங்கிய மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அது. உலோகத் துண்டுகளைக் கடற்காற்றில் வைத்து எது எவ்வளவு அரிக்கிறது என்று பார்க்க அவர்கள் தேர்ந்தெடுத்த இடங்களில் மண்டபமும் ஒன்று. உப்புக்காற்றைச் சோதிக்க நாடே தேடிவரும் இடத்தில் நாம் சாதாரணமாகக் காரை நிறுத்திவிட்டுத் தூங்குகிறோம்.

காரில் எங்கே அரிக்கும்?

கதவின் கீழ் விளிம்பு, சக்கர வளைவின் உள்மடிப்பு, படிக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி, சைலன்சர், பிரேக் ஆயில் போகும் பைப், பெட்ரோல் டேங்கின் வாய்க்குழாய். இவைதான் முதலில் போகும் இடங்கள். கதவின் அடியில் சின்னச் சின்னத் துளைகள் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் தண்ணீர் வெளியேறத்தான் அந்தத் துளை. நம் ஊர் மணலும் சருகும் அதை அடைத்துவிட்டால் கதவுக்குள் தண்ணீர் தேங்கி, உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். வெளியே பெயிண்டில் கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடு பாதி போயிருக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால்தான் அந்தக் கொப்புளமே வருகிறது.

நம் பக்கத்து வாடகை வண்டிகளுக்கு மட்டும் உள்ள ஒரு சங்கடத்தைச் சொல்ல வேண்டும். அமாவாசை அன்று சேதுக்கரையில் போய்ப் பாருங்கள். வெளியூர்க்காரர்கள் கடலில் முழுக்குப் போட்டு, தர்ப்பணம் முடித்து, ஈரத் துணியோடு வண்டியில் ஏறுகிறார்கள். வேட்டியும் சேலையும் சொட்டுவது முழுக் கடல்நீர். அது மேட்டில் இறங்கி, கார்பெட்டில் இறங்கி, அதற்குக் கீழேயுள்ள பஞ்சில் தங்கிவிடும். மேலே கை வைத்தால் காய்ந்ததுபோல் இருக்கும். அடியில் மாசக்கணக்கில் ஈரம் இருக்கும். சீட் நகரும் தண்டவாளம் முதலில் இறுகிக்கொள்ளும். அப்புறம் சீட்டுக்கு அடியில் ஓடும் வயர்களின் இணைப்பில் பச்சை பூக்கும். ஏர்பேக் விளக்கு காரணமே இல்லாமல் எரியும். கடைசியில் தரைத் தகடு. அந்த வண்டியின் எஞ்சின் அப்போதும் கச்சிதமாக ஓடிக்கொண்டிருக்கும்.

ரப்பர் மேட்டில் ஓரம் உயர்ந்த தட்டு மாதிரி வருகிறது. சேதுக்கரைக்கும் தனுஷ்கோடிக்கும் ஓடுகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சீட்டுக்கு ஒரு ரெக்சின் உறை. வாரம் ஒரு நாள் மேட்டை எடுத்து வெயிலில் போட்டு, நான்கு கதவையும் திறந்துவைப்பது. இவ்வளவுதான் வைத்தியம்.

தகடு கனமும் பலமும்

இப்போது அந்த மூன்றாவது கட்சிக்காரரிடம் வருவோம். கதவை மூடிச் சத்தம் கேட்டு, பானெட்டைத் தட்டிப் பார்த்து, "தகடு நல்லா கனமா இருக்கு" என்று தீர்ப்புச் சொல்வது நம் ஆட்களின் வழக்கம். வெளித்தகடு எந்தக் காரிலும் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவுதான். மோதும்போது ஆளைக் காப்பது வெளித்தகடு இல்லை. அதற்குள்ளே இருக்கும் தூண்களும் குறுக்குச் சட்டங்களும், அவற்றில் போட்டிருக்கும் உறுதியான எஃகும்தான். முன்பகுதி நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும், ஆள் உட்காரும் கூடு நசுங்கக் கூடாது. இதுதான் கணக்கு.

இதைத் தட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது; மோதித்தான் பார்க்க வேண்டும். 2018 டிசம்பரில் டாட்டா நெக்ஸான் குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. இந்தியாவில் செய்த கார் அதை வாங்கியது அதுவே முதல் முறை. "தகடு இல்லை" என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த மாருதியின் புதிய டிசையர் 2024 நவம்பரில் அதே சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் என்று நம் நாட்டுச் சோதனையே நடக்கிறது. வாங்கப்போகும் வண்டிக்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கதவுச் சத்தத்தை விட்டுவிடுங்கள்.

கனத் தகடு துருவைத் தடுக்குமா? தடுக்காது, ஓட்டை விழக் கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும், அவ்வளவுதான். துருவைத் தடுப்பது பூச்சு. இன்றைய காரின் பாடியை வர்ணம் அடிப்பதற்கு முன்னால் முழுசாக ஒரு தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, பிரஷ் போகாத இடுக்கெல்லாம் படியும்படி ஒரு பூச்சுக் கொடுக்கிறார்கள். ஈ.டி. கோட் என்பார்கள். அதற்கும் அடியில், நல்ல கார்களில் பல இடங்களில், துத்தநாகம் பூசிய தகடு. துத்தநாகத்துக்கு ஒரு குணம்: இரும்போடு சேர்ந்திருந்தால் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். சின்னக் கீறல் விழுந்தாலும் பக்கத்திலுள்ள துத்தநாகம் அந்த இடத்தையும் பார்த்துக்கொள்ளும்.

அம்பாசடரை நினைத்துப் பெருமூச்சு விடும் பெரியவர்கள் நம் ஊரில் நிறைய. 1950-களின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வடிவத்தில் பிறந்து 2014 மே மாதம் உற்பத்தி நின்ற வண்டி. பள்ளத்துக்கு அஞ்சாது, பின்சீட்டில் நாலு பேர் உட்காரலாம், ஸ்பேனரும் ஸ்குரூ டிரைவரும் இருந்தால் புளியமரத்தடியில் வேலை முடியும். அந்த மரியாதை அதற்கு உரியதுதான். ஆனால் தகடு கனமாக இருந்தும் கடற்கரை அம்பாசடர்கள் டிங்கரிங் ஷாப்பில்தான் பாதி ஆயுளைக் கழித்தன. மேலே சொன்ன பூச்செல்லாம் அது வடிவமைக்கப்பட்ட காலத்துக்குப் பின்னால் வந்தவை.

சேஸிஸா, ஒரே கூடா?

"இன்னோவா, பொலிரோ எல்லாம் சேஸிஸ் வண்டி, அதான் தாங்குது" என்ற பேச்சிலும் விஷயம் இருக்கிறது. அடியில் ஏணி மாதிரி தனிச் சட்டம், அதன்மேல் பாடியை போல்ட் போட்டு உட்காரவைப்பது ஒரு முறை. பொலிரோவும் 2005-ல் வந்த இன்னோவாவும் 2016-ல் வந்த கிரிஸ்டாவும் இந்த வகை. தனிச் சட்டமே இல்லாமல் பாடியே எல்லாப் பளுவையும் தாங்குவது இன்னொரு முறை. மாருதி கார்கள் பெரும்பாலும் இப்படி. 2022-ல் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸும் இந்தப் பக்கம் வந்துவிட்டது. அம்பாசடரைச் சேஸிஸ் வண்டி என்று பலர் நினைத்திருக்கிறார்கள். அதுவும் ஒரே கூடாகச் செய்த வண்டிதான்.

குண்டும் குழியுமான பாதையில் ஏழெட்டுப் பேரோடு ஓட, சேஸிஸ் வண்டி நன்றாகத் தாங்கும். ஒரே கூடு வண்டி எடை குறைவு, மைலேஜ் அதிகம், வளைவில் ஆட்டம் குறைவு. துரு விஷயத்தில் இரண்டுக்கும் தனித்தனி ஆபத்து. ஒரே கூடு வண்டியில் படிக்குக் கீழேயுள்ள பெட்டிப் பகுதி அரித்தால் அது அழகுப் பிரச்சினை இல்லை, வண்டியின் முதுகெலும்பே போகிறது. சேஸிஸ் வண்டியில் அந்தச் சட்டத்தின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சேறும் உப்பும் தங்கும்.

டொயோட்டா என்றால் எதுவும் ஆகாது என்று நம்புகிறவர்களுக்காக ஒரு செய்தி. அமெரிக்காவின் குளிர்ப் பிரதேசங்களில் பனியை உருக்கச் சாலையில் உப்புப் போடுவார்கள். அந்த உப்பில் டொயோட்டாவின் டகோமா போன்ற பிக்கப் வண்டிகளின் சேஸிஸ் அரித்துப்போய் வழக்கு நடந்தது. 2016 நவம்பரில், சுமார் 15 லட்சம் வண்டிகளைச் சோதித்துத் தேவையானவற்றுக்குச் சேஸிஸையே மாற்றித்தர அந்தக் கம்பெனி ஒப்புக்கொண்டது. செலவு 340 கோடி டாலர் வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். அந்த வண்டிகளின் எஞ்சினைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. உப்புக்கு முன்னால் கம்பெனிப் பெயர் எடுபடாது.

பி.எச்.பி. பார்ப்பதா, இழுவை பார்ப்பதா?

இப்போது ஓட்டத்துக்கு வரலாம். இளைஞர்கள் முதலில் கேட்பது எத்தனை குதிரைச் சக்தி என்று. டிரைவர்கள் கேட்பது இழுவை எப்படி என்று. இரண்டுக்கும் உள்ள உறவு எளிமையானது. எஞ்சின் தண்டைத் திருகும் பலம் டார்க். அந்தப் பலத்தோடு நிமிஷத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பதைப் பெருக்கினால் கிடைப்பது குதிரைச் சக்தி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிரிஸ்டா 2.4 டீசலில் கியர் வண்டிக்கு டார்க் 343 நியூட்டன் மீட்டர். அது 1400 சுற்றிலேயே கிடைத்துவிடும். பெருக்கிப் பார்த்தால் அந்த இடத்தில் ஏறக்குறைய 70 குதிரை. 1200 சி.சி. பெட்ரோல் கார் ஒன்றை எடுங்கள். 113 நியூட்டன் மீட்டர், 4400 சுற்றில் என்று வைத்துக்கொள்வோம். அதிலும் அந்த இடத்தில் ஏறக்குறைய 70 குதிரைதான் வருகிறது. ஆனால் அந்த 70-ஐத் தொட பெட்ரோல் எஞ்சின் மூன்று மடங்கு வேகமாகச் சுற்ற வேண்டும். கியரைக் குறைத்து, ஆக்சிலேட்டரை அமுக்கி, சத்தத்தோடு போக வேண்டும். டீசல் வண்டி சும்மா நடந்தபடியே இழுத்துவிடும். பாம்பன் சாலைப் பாலத்தின் ஏற்றத்தில் ஏழு பேர், மேலே கேரியரில் பெட்டிகள், ஏ.சி. போட்டபடி ஏறும்போது டிரைவர் சொல்லும் இழுவை இதுதான்.

அப்படியென்றால் எல்லாரும் டீசல் வாங்க வேண்டுமா? வேண்டாம். கிரிஸ்டாவின் எடை அந்தச் சின்ன காரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த இழுவையில் பாதி தன்னைத் தூக்கவே சரியாகிவிடும். நம் மாவட்டத்தில் மலைப்பாதையும் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை நேராகக் கிடக்கிறது. நாலு பேர் குடும்பத்துக்கு 1200 சி.சி. பெட்ரோல் காரின் சக்தி தாராளம். முன்னால் போகும் உப்பு லாரியை முந்தும்போது ஒரு கியர் குறைக்கப் பழகிக்கொண்டால் போதும். 796 சி.சி. மாருதி 800-ல் இந்தச் சாலையில் ஒரு தலைமுறையே குடும்பத்தோடு போய்வந்திருக்கிறது.

அன்றாடத்துக்குத் தோது

டீசல் வாங்குகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்ததிலிருந்து டீசல் காரின் சைலன்சர் பாதையில் டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரியை அவ்வப்போது வண்டி தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு நல்ல சூடு வேண்டும். கால் மணி, இருபது நிமிஷம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். திருப்புல்லாணியிலிருந்து ராமநாதபுரம் 10 கிலோமீட்டர்தான். போய், அரண்மனைப் பக்கம் நெரிசலில் ஊர்ந்து, திரும்பிவருவது மட்டுமே தினசரி ஓட்டம் என்றால் அந்தச் சுத்தம் நடக்காது. விளக்கு எரியும், இழுவை குறையும், கடைசியில் செலவு வைக்கும். யாத்திரை ஓட்டம், மதுரை ஏர்போர்ட் ஓட்டம் இருப்பவர்களுக்கு டீசல். கடைக்கும் ஆபீசுக்கும் போகிறவர்களுக்குப் பெட்ரோல். பெட்ரோல் வண்டியிலும் குட்டி ஓட்டம் மட்டுமே ஓட்டினால் சைலன்சருக்குள் சேரும் நீர் ஆவியாகாமல் உள்ளிருந்து அரிக்கும். வாரம் ஒரு தடவையாவது கடற்கரைச் சாலையில் தூரமாக ஓட்டிவிட்டு வருவது எந்த வண்டிக்கும் நல்லது.

ஏ.சி.யை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் அது இல்லாமல் வயசானவர்களைக் கூட்டிப்போக முடியாது. அதனால் கண்டென்சர் என்ன விலை, எத்தனை நாளில் கிடைக்கும் என்று வாங்கும்போதே கேட்டுவையுங்கள். நம் கரையில் அது மாற்ற வேண்டிவரும் சாமான். ராமநாதபுரத்திலேயே சர்வீஸ் கிடைக்கிற வண்டியா, ஒவ்வொன்றுக்கும் மதுரை போக வேண்டிய வண்டியா என்பதும் மைலேஜுக்குச் சமமான கேள்விதான்.

பழைய வண்டி பார்க்கும்போது

"தம்பி, ஓனர் எத்தனாவது, கிலோமீட்டர் எவ்வளவு" என்று கேட்டுவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்ப்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். நம் ஊர்ப் பழைய வண்டியை அப்படிப் பார்க்கக் கூடாது. ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். மெல்லிய துணியில் சுற்றி, கதவின் கீழ்ப்பகுதியிலும் சக்கர வளைவிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் அங்கே தகடு இல்லை, பட்டி பூசி வர்ணம் அடித்திருக்கிறார்கள். ஸ்டெப்னியைத் தூக்கி அடிக்குழியைப் பாருங்கள். கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கிக் கையை உள்ளே விடுங்கள். பியூஸ் பெட்டியைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வாட்டர் சர்வீஸ் லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்து அடிப்பாகம் முழுவதும் பாருங்கள். புதுசாகக் கருப்புப் பூச்சு அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். துருவின் மேலேயே அடித்த பூச்சு ஈரத்தை உள்ளே பூட்டிவைத்து, அரிப்பைக் கண்ணுக்கு மறைக்கும்.

வண்டி கழுவுவதிலும் கவனம் வேண்டும். நம் பக்கத்தில் பல இடங்களில் போர்த் தண்ணீரே உப்பு. அதில் பளபளவென்று கழுவிக் காயவிட்டால் உப்பைப் பூசியதாகத்தான் ஆகும். கடற்கரைக்குப் போய்வந்த அன்று அடிப்பாகத்துக்கும் சக்கர வளைவுக்கும் காவிரித் தண்ணீரோ ஊருணித் தண்ணீரோ இரண்டு வாளி செலவழிக்கலாம். குடிக்கிற தண்ணீரைக் காருக்குக் கொட்டுவதா என்று மனசு கேட்காதவர்கள், போர்த் தண்ணீரில் கழுவிவிட்டுக் கடைசியாக ஒரு வாளி மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றி உடனே துடைத்துவிடுங்கள். ஈர வண்டிக்குக் கவர் போடாதீர்கள். சர்வீஸ் ஸ்டேஷனில் அடிக்கும் பழைய ஆயில், டீசல் வேண்டாம். அது புஷ் ரப்பரை ஊதவைத்து, மணலையும் ஒட்டவைக்கும். புது வண்டியிலேயே, துரு தொடங்குவதற்கு முன்னால், மெழுகு வகைப் பூச்சை அடியிலும் கதவுகளின் உள்ளேயும் அடித்துவைப்பதுதான் லாபம். அடிக்கும்போது கதவின் அடித்துளைகளை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கார் நல்ல கார் என்று கேட்பவர்களுக்கு என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நாலு பேர் குடும்பம், குட்டி ஓட்டம் என்றால் ராமநாதபுரத்திலேயே சர்வீஸ் உள்ள, விபத்துச் சோதனையில் நல்ல நட்சத்திரம் வாங்கிய சின்னப் பெட்ரோல் கார். யாத்திரை ஓட்டம் என்றால் இழுவையுள்ள டீசல். தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி நன்றாக இருக்கட்டும். இதற்குள் எந்தக் கம்பெனி என்பது உங்கள் விருப்பம், உங்கள் பட்ஜெட். அந்த விவாதத்தை டீக்கடையில் தாராளமாகத் தொடருங்கள்.

ஆனால் பழைய வண்டிக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பார்க்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள். விற்கிறவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம்.